புதன்கிழமைக் கொசுறு

குணசுந்தரியிடம் முக்கியமான விஷயம் எதையும் ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட முடியாது. ஆள் எதிரில்தான் இருப்பாள், தலையைக்கூட ஆட்டுவாள், ஆனால் மனசு அதற்குள் எங்கோ போயிருக்கும். திருவொற்றியூரில் கடல் ஊருக்குள் வராமலிருக்கக் கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதற்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் அவள் வீடு. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால் அரை மணி நேரம் ஆகும். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல் தூரத்தில் நிற்கும் கப்பல்களில் எதில் இன்றைக்கு என்ன சமையல், அந்தச் சமையல்காரனுக்கு வீட்டோடு சண்டையா சமாதானமா என்பதையெல்லாம் அவள் அங்கே நின்றுதான் தீர்மானிக்க வேண்டும். வடக்கே வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் புகைக்கும் அவளிடம் ஒரு கதை உண்டு. விசைப்படகில் தொழிலுக்குப் போகிற அவள் கணவன் எத்திராஜ், கரையிலிருக்கும் நாட்களில், "சோத்துல கைய வெச்சிகினு எங்கடி பூட்ட?" என்று கேட்காத வேளை இல்லை.

இப்படிப்பட்டவளை நம்பி ஆறு பெண்கள் பிழைத்தார்கள் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் மனசு எங்கே போனாலும் கை மட்டும் இங்கேயே இருந்து வேலை பார்க்கும். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் பாறை மீன் எடுத்து வருவாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அந்த ஆறு பேரோடு உட்கார்ந்து, சுத்தம் செய்து துண்டு போடுவாள். புதன்கிழமைதோறும் அது நகரத்தின் மறுகோடியிலிருக்கும் ஒரு பல்கலைக்கழக விடுதிக்குப் போகும். ஐம்பது கிலோ, அறுநூறு துண்டு, அறுநூறு பிள்ளைகள். மற்ற நாட்களில் சில்லறை வியாபாரம் இருந்தாலும், ஏழு வீட்டு அடுப்புக்கும் புதன்கிழமைதான் ஆதாரம். ஆறு வருஷமாக, விடுதி திறந்திருந்த ஒரு புதனைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

பத்து பத்து கிலோவாக ஐந்து பெட்டி. ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து முடித்ததும் அவள் கை தானாகப் போய் ஒரு அள்ளு அள்ளி மேலே போடும். ஆறு துண்டு தேறும். அதுதான் கொசுறு. கரையில் மீன் விற்கிற எந்தப் பெண்ணும் சரியாக நிறுத்து, சரியாக அந்த அளவையே கொடுத்து அனுப்ப மாட்டாள். அப்படி அனுப்பினால் வந்தவர் முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி அவளுக்கே கூசும்.

குணசுந்தரியின் கொசுறுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதல் புதன்கிழமை, மீனை இறக்கிய பிறகு வண்டி பஞ்சராகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் வரை சமையற்கட்டுக்குப் பின்புறமே நிற்க வேண்டியதாயிற்று. அப்போது ஜன்னல் வழியாக ஒரு பெண்ணின் குரல், "அண்ணா, இன்னொரு துண்டு கிடைக்குமா?" என்று கேட்டது. முகம் தெரியவில்லை. வண்டி கிளம்பிவிட்டதால் பதிலும் காதில் விழவில்லை. பதிலைக் குணசுந்தரியே போட்டுக்கொண்டாள்: கிடைத்தது, வாங்கினாள், வயிறாரச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண் இவள் மனசுக்குள் ஏறி இவளோடு வண்டியில் வர ஆரம்பித்தாள். முதல் வருஷம் அவள் கப்பல் கட்டப் படித்தாள். அடுத்த வருஷம் கடலுக்கடியில் எங்கே மீன் கூடும் என்று கண்டுபிடிக்கிற படிப்பு. ஒரு தடவை காய்ச்சலில் படுத்தாள், குணசுந்தரி அந்த வாரம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. அந்தக் குட்டி யானை வண்டியை ஓட்டுகிற ராயபுரம் பிராங்கிளினுக்கு இந்தக் கதையெல்லாம் அத்துப்படி.

"யக்கா, ஆறு வருசமா அதே ஆஸ்டல்லயே கீதே அந்தப் பொண்ணு. இன்னா, அல்லாத்துலயும் அரியரா?"

"மூடிகினு வண்டிய ஓட்டு."

இந்த வருஷம் விடுதி திறந்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகம் தன் வளாகத்துக் குப்பையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாம். மீதிப் பாதி வெளியிலிருந்து வருகிறவர்களால் வருகிறது, ஆகவே பொருள் கொடுப்பவர்களும் ஒப்பந்தக்காரர்களும் இனி அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும், கூட்டத்துக்கு வரவும் என்று இருந்தது. பால்காரர், காய்கறிக்காரர், துணி வெளுப்பவர், கட்டட வேலை எடுத்தவர் எல்லாரும் ஏ.சி. அறையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கழிவுப் பொறுப்பு அதிகாரி வினிதா. இருபத்தெட்டு வயது இருக்கலாம், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

"எதுல கொண்டு வர்றீங்களோ அதை நீங்களே திருப்பி எடுத்துட்டுப் போகணும். மூணு மணிக்கு வண்டி நிக்கணும்" என்றாள் வினிதா.

அவ்வளவுதான், குணசுந்தரியின் மனசு கிளம்பிவிட்டது. அவள் இத்தனை வருஷம் கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டிகளெல்லாம் வெள்ளை வாத்துகளாகி, வரிசையாக வாசல் கேட்டைத் தாண்டி, கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தன. ராயபுரம் பாலத்தில் அவற்றுக்காகக் கன்டெய்னர் லாரிகள் நின்று வழிவிட்டன. வாத்துகள் காசிமேட்டை நெருங்கும்போது அறையில் எல்லாரும் கைதட்டினார்கள், கூட்டம் முடிந்துவிட்டது. ஆர்டருக்கு மேல் வந்து மீந்துபோவதும் கொண்டுவந்தவர் பெயரிலேயே எழுதப்படும், மூன்று சிவப்புக் குறி விழுந்தால் ஒப்பந்தம் ரத்து என்று வினிதா சொன்ன இரண்டாவது விதியின்போது இவள் பாலத்தின் மேல் இருந்தாள்.

பெட்டி விஷயத்தை அவள் ஒரே நாளில் சரிசெய்தாள். படகில் வைக்கிற கெட்டியான ஐஸ் பெட்டி ஐந்து வாங்கினாள். கழுவிக் கழுவிப் பத்து வருஷம் ஓட்டலாம். அடுத்த புதன்கிழமை அவற்றை இறக்கும்போது, பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி நின்றாள். பிறகு விதிப்படி மூன்று மணி வரை தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம் என்ன படிப்பு கொடுக்கலாம் என்று யோசித்தாள்.

மூன்று மணிக்குச் சமையற்கட்டு மேலாளர் ஞானம் காலிப் பெட்டிகளோடு மூடி போட்ட ஒரு வாளியையும் கொண்டுவந்து வைத்தார். மேலே சிவப்பு மையில் ஒரு சீட்டு: முதல் குறி, மூன்றானால் ஒப்பந்தம் ரத்து.

"இதுவும் உங்களுதுதாம்மா."

திறந்து பார்த்தாள். உள்ளே முப்பது துண்டு, மசாலா போட்டு முறுகலாக வறுத்தது. தன் மீனை வெந்த கோலத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"யாரும் துன்னலியா சார்?"

"ஒருத்தருக்கு ஒரு துண்டும்மா. அறுநூறு டோக்கன், அறுநூறு துண்டு. மீந்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது, வேலைக்காரங்க வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகக் கூடாது. இங்க ரூல் அப்படி."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே அப்படித்தான்."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "அப்ப நா போட்ட கொசுறு? ஆறு வருசமா?"

ஞானம் தரையைப் பார்த்தார். "குப்பைக்குத்தாம்மா போச்சு."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே சார்."

"மனசாரக் கொடுக்கறவங்ககிட்ட வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது? எனக்கு நாக்கு எழும்பல."

நல்ல மனுஷர்தான். இரண்டு நல்ல மனுஷர்களின் மரியாதைக்குள்ளே அத்தனை மீனும் குப்பைக்குப் போயிருக்கிறது. எத்தனை துண்டு என்று கணக்குப் போட வேண்டாம், வயிறு எரியும்.

திரும்பும் வழியில் வாளி அவள் காலடியில் இருந்தது. சாலையோரம் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொரு லாரிக்குள்ளும் ஏறி இறங்கியிருப்பாள். அன்றைக்கு லாரி வெறும் லாரியாகத்தான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணுக்குத் துண்டு கெடைக்கவே இல்ல பிராங்கிளினு" என்றாள் அவளாகவே.

"வுடுக்கா. அப்டி ஒரு பொண்ணே கெடியாது."

"கேட்டுச்சே. நா காதால கேட்டனே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வறுத்த துண்டுகளை அந்த ஆறு பேரும் சாயங்காலம் சாப்பிட்டார்கள். அவளால் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த புதன் காலையில், "என் கையப் பாத்துக்கோங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் தராசுக்கு முன் உட்கார்ந்தாள். நான்கு பெட்டி வரை கையை மடியில் வைத்துக் காப்பாற்றிவிட்டாள். ஐந்தாவது பெட்டி நிறுத்து முடிந்ததும், அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்தால் மனசு சும்மா இருக்குமா, கடல் பக்கம் கிளம்பிவிட்டது. கையும் தன் வேலையைச் செய்துவிட்டது. மேலே விழுந்த ஆறு துண்டை யாரும் கவனிக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு அந்த ஆறும் வாளியில் திரும்பி வந்தன, இரண்டாவது சிவப்புச் சீட்டோடு.

கொட்டகையில் மூத்தவளான வரலட்சுமி அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தபா உன் கை போச்சுன்னா நாங்க ஆறு பேரும் எங்க போறது? அத்த மட்டும் சொல்லு."

மறுநாள் குணசுந்தரி பஸ் பிடித்து வினிதாவின் அறைக்குப் போனாள். கொசுறை நிறுத்திவிட்டேன், குறியை அழித்துவிடு என்று கெஞ்சுவதாகத்தான் திட்டம். ஆனால் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கிழமைக்கு ஒரு கோடு, புதன்கிழமைக் கோடு மட்டும் மற்றதையெல்லாம் தாண்டி நின்றது.

"பொதங்கெழம ஏம்மா இவ்ளோ ஒசரம்?"

"அது சோறும்மா. மீன் போடற அன்னிக்குத்தான் சோறு ரொம்ப வீணாகுது. நிறைய வாங்கறாங்க, பாதியில கொட்டிடறாங்க. ஏன்னு பாத்துட்டிருக்கோம், தெரியல."

குணசுந்தரி பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "இதுல பாக்கறதுக்கு இன்னா கீது? மீனுன்னு ஆசையா சோத்த வாங்கிகிறாங்க. ஒரு துண்டு எத்தினி வாய்க்கு வரும்? தொட்டுக்கத் தீந்துட்டா சோறு எறங்காதும்மா."

வினிதா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். போன வருஷத்திலிருந்து எடை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

"கேக்கறவங்களுக்கு ரெண்டாவது துண்டு குடுத்துப் பாருங்க" என்றாள் குணசுந்தரி. "நா போட்ற கொசுறுலேர்ந்தே குடுங்க."

"எல்லாரும் கேட்டா?"

"அல்லாரும் கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாத சில பேரு இருப்பாங்க, அவங்கதான் கேப்பாங்க."

வினிதா கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். "ஒரு புதன்கிழமை பாக்கலாம். ஆனா மீந்துதுன்னா மூணாவது குறி போட்டே ஆகணும். உங்களுக்குன்னு என்னால மறைக்க முடியாதும்மா."

இதைக் கொட்டகையில் சொன்னபோது ஒரு பாடு சண்டை நடந்தது. கடைசியில் வரலட்சுமிதான், "குப்பைல போட்றதுக்கா நாம செதில் சொரண்றோம்? போய்ப் பாத்துக்கினு வா" என்று முடித்து வைத்தாள்.

அந்தப் புதன்கிழமை, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, குணசுந்தரி சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனாள். தலைக்குத் துணித்தொப்பி கட்டி, முப்பது துண்டு வைத்த தட்டத்துக்குப் பின்னால் ஞானம் அவளை நிறுத்தினார். 'இரண்டாவது துண்டு, கேட்பவர்களுக்கு' என்று ஒரு பலகையும் வைத்தாயிற்று. கூடம் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடப் பெரியது, சத்தம் அதிகம், வெளிச்சம் கண்ணைக் கூசியது. பிள்ளைகள் தட்டில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாக வந்து உட்கார்ந்தார்கள். பலகையை எவரும் படிக்கவில்லை. பன்னிரண்டரை ஒன்றாகி, ஒன்று ஒன்றரையானது. முப்பது துண்டும் அப்படியே இருந்தன. ஓரத்தில் வினிதா கையில் சீட்டுக் கட்டோடு நின்றாள். ஆறு குடும்பத்தைக் கொண்டுவந்து இந்தத் தட்டத்தில் வைத்துவிட்டோமே என்று குணசுந்தரி நினைத்தாள்.

பிறகு அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

"இன்னாமா, மஞ்ச சொக்கா போட்ட பொண்ணே, சோத்த வெச்சிகினு முழிச்சிகினு கீற. தட்ட எட்த்துகினு வா இங்க. கண்ணாடிக்காரத் தம்பி, ஒன் ஒடம்புக்கு ஒரு துண்டு போதுமா? வா நைனா, கேட்டாத்தான் குடுப்பாங்களாம், வந்து கேளு."

காசிமேட்டுக் குரல். அந்தக் கூடம் அதுவரை கேட்டிராதது. ஒரு நிமிஷம் எல்லாப் போனும் தாழ்ந்தது. யாரோ சிரித்தார்கள், கண்ணாடிக்காரத் தம்பி எழுந்து வந்தான், அவன் பின்னால் நாலு பேர், அதற்குப் பின்னால் ஒரு வரிசை. அடுத்த கால் மணி நேரம் அவள் மனசு ஓர் இடத்துக்கும் போகவில்லை. போக நேரமில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகம் இருந்தது, பரு இருந்தது, தூக்கக் கலக்கம் இருந்தது. ஒருத்தன் நன்றி சொல்ல மறந்து நாலடி போய்த் திரும்பி வந்து சொன்னான்.

தட்டம் காலியான பிறகு வகுப்பு முடிந்து ஓடிவந்த ஒரு பெண் நீட்டிய தட்டோடு நின்றாள். தலையில் நீல முக்காடு, தோளில் பை.

"அக்கா, எனக்கும் இன்னொண்ணு கிடைக்குமா?"

"தீந்துட்ச்சேமா" என்றாள் குணசுந்தரி. "ஒம் பேரு இன்னா?"

"ஜஸீமா."

"அட்த்த பொதங்கெழம வா ஜஸீமா. ஒனக்கு எட்த்து வெக்கிறேன்."

அன்றைக்குக் கொட்டிய சோறு வழக்கத்தில் பாதிகூட இல்லை. வினிதா எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். "இனிமே ரெண்டாவது துண்டு உண்டும்மா. அடுத்த வாரத்துலேர்ந்து ஆர்டரே ஐம்பத்திரண்டரை கிலோ. அதுக்கும் சேத்து நீங்க பில் போடலாம். பழைய குறி ரெண்டையும் எடுத்துட்டேன்."

கொட்டகையில் அன்று கொண்டாட்டம். குணசுந்தரியும் சிரித்தாள். ராத்திரி படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொசுறு இப்போது ஆர்டருக்குள் போய்விட்டது. அவள் கொடுத்துக்கொண்டிருந்தது அவர்கள் வாங்குவதாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு துண்டு போட்டாலும் மறுபடி குறி விழும். அந்த முப்பது துண்டும் முதலில் கேட்பவர்களுக்கு. ஜஸீமாவுக்கு வகுப்பு எப்போதும் தாமதமாகத்தான் முடியும் என்றால், இவள் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

புதன் காலையில் ஐம்பத்திரண்டரை கிலோ, ஒரு துண்டு கூடாமல் குறையாமல் நிறுத்தாள். கை மடியிலேயே கிடந்தது. வலித்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆறு பேரும் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவள் எழுந்து வீட்டுக்குள் போய்த் தன் மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வந்தாள். அதில் வழக்கமாக அவளுக்கு மட்டும் சோறு இருக்கும். அன்றைக்கு மேல் தட்டில் மீன் குழம்பும், அதில் பெரிதாக இரண்டு துண்டும் இருந்தன. பொருள் கொடுப்பவர் தன் சாப்பாட்டை எவரோடும் பகிர்ந்து சாப்பிடக் கூடாது என்று வினிதாவின் தாளில் ஒரு வரியும் இல்லை. தூக்கும் அவளோடுதான் வந்தது, அவளோடுதான் திரும்பும்.

இரண்டு மணிக்கு ஜஸீமா வந்தாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஊர் காயல்பட்டினமாம். படிப்பு பி.காமாம். குணசுந்தரி ஆறு வருஷத்தில் எத்தனையோ படிப்பு நினைத்திருக்கிறாள், பி.காம் மட்டும் தோன்றியதில்லை. ஜஸீமா சாப்பிட்டாள். முள்ளைக்கூட உறிஞ்சித்தான் போட்டாள். குணசுந்தரி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டி கீது?"

"நல்லாயிருக்குக்கா" என்றாள் ஜஸீமா. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா புளி பத்தல. எங்க உம்மா வெச்சா இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

குணசுந்தரிக்குச் சுருக்கென்றது. கப்பல் கட்டப் படித்தவளும் மீன் தேடப் படித்தவளும் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள், அவ்வளவுதான். இவள் குழம்பை வழித்து நக்கிக்கொண்டே குறை சொல்கிறாள்.

"எத்தினி புளி போடுவாங்க உங்க உம்மா?"

ஜஸீமா விரலைக் குவித்து அளவு காட்டினாள். குணசுந்தரி அந்தக் கையைப் பிடித்து, அருகில் இழுத்து, நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் காலிப் பெட்டிகள் ஏறின. தூக்கை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வாளி வரவில்லை. வண்டி பாரிமுனையைத் தாண்டியபோது அவள் தன் விரலைக் குவித்து அளவு பார்த்துக்கொண்டாள்.

"பிராங்கிளினு, வண்ணாரப்பேட்ட வழியா போ" என்றாள் அப்புறம். "புளி வாங்கணும்."